இழுவைக் கூலி

அசோகனுக்கு இடுப்புக்குக் கீழே யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகுவது போலிருந்தது. பெரும்பாக்கம் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாமல் நாலு நாள் ஆகிறது. எட்டாவது மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கிய இடுப்பு அது. அந்த இடுப்பை அபிராமபுரத்துத் தார்ரோட்டில் போட்டு, ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கையில் நைலான் கயிறு. ஞாயிற்றுக்கிழமை, விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பனியன் நனைந்துவிட்டது.

"கட்டியாச்சா தம்பி?"

மேலேயிருந்து அய்யாதுரையின் குரல். அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"கட்டிக்கினு கீறேன் அண்ணாச்சி."

"முடிச்சு உருவிராதுல்லா?"

"முடிச்சு உருவாது. என் இடுப்புதான் உருவிக்கும் போல கீது."

அய்யாதுரைக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. அபிராமபுரத்தில் குடோன். குடோன் வாசலில் அவருடைய பிக்கப் ஒன்பது நாளாக உயிரில்லாமல் நின்றது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று மெக்கானிக்குகள் வந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு சாமானை மாற்றிவிட்டு, ஆளுக்கொரு தொகை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அய்யாதுரைக்கு மெட்ராஸ் மெக்கானிக்குகள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. கோவில்பட்டியில் அவருடைய மச்சினன் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். அவன் கை பட்டால்தான் வண்டி பிழைக்கும் என்று முடிவு செய்துவிட்டார். ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர்.

லாரியில் ஏற்றிக் கொண்டுபோகக் கேட்ட தொகையைக் கேட்டு அவருக்கு மூச்சு வாங்கியது. கடைக்கு எப்போதாவது லோடு அடிக்கும் அசோகனைக் கூப்பிட்டார்.

"உன் பிக்கப்புல கட்டி இழுத்துட்டுப் போயிருவியா?"

"அண்ணாச்சி, என் வண்டி யானை. உங்க கடையையே கட்டி வுட்டாலும் இழுத்துக்கினு போவும்."

"கிலோமீட்டருக்கு?"

"முப்பது ரூபா. டீசல் என்து. ஊர்ல போயி காசு குடுத்தா போதும்."

யானைக்குக் காலில் நோய் என்பதை அசோகன் சொல்லவில்லை. அவன் வண்டியின் கிளட்ச் பிளேட் தேய்ந்து காகிதமாகியிருந்தது. "காலி வண்டியா ஓட்டினா இன்னும் கொஞ்ச நாள் போவும், லோடு ஏத்தின, கியாரண்டி கெடையாது" என்று மெக்கானிக் போன வாரமே சொல்லிவிட்டான். மாற்ற பதினோராயிரம் வேண்டும். கோவில்பட்டி போய்ச் சேர்ந்தால் பதினேழாயிரம் கிடைக்கும். சேராவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் நாற்பத்தெட்டு வயதில், இந்த இடுப்போடு, மறுபடியும் தோளில் மூட்டை. பத்து வருடம் முன்னால் அந்த வேலையிலிருந்து தப்பித்து வந்தவன் அவன். அதை நினைத்தால் இடுப்பு வலி இன்னும் ஒரு திருகு ஏறியது.

கிளட்ச் வாங்கக் காசு வேண்டும் என்பதற்காக, கிளட்சைக் கொல்லும் வேலையை எடுத்திருக்கிறோம் என்பது அவனுக்குப் புரியாமல் இல்லை. வேறு வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

நெடுந்தூரம் கட்டி இழுப்பதென்றால் ஒரு முறை உண்டு. பின்வண்டியின் அடியில், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் நீளத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் சும்மா சுற்றிச் சுற்றித் தேய்ந்துவிடும். அசோகனுக்கு இது தெரியும். எட்டு நட்டு. முதல் நட்டில் ஸ்பேனரை வைத்ததும் இடுப்பு 'வேண்டாம்' என்றது.

'செங்கல்பட்டு தாண்டி பாத்துக்கலாம்' என்று வெளியே ஊர்ந்து வந்தான்.

"பின்னாடி வண்டியில ஸ்டீரிங் புடிக்கிறது யாரு அண்ணாச்சி? நீங்களா?"

"எனக்கு சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது. புஷ்பம் வாரா."

அய்யாதுரையின் மனைவி புஷ்பம் ஏற்கெனவே பிக்கப்பின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். டிரைவர் வைப்பது தண்டச்செலவு என்று அவளே லைசென்ஸ் எடுத்துக் குடோனுக்கும் கடைக்கும் ஓட்டுகிறவள்.

அசோகன் தலையைச் சொறிந்தான். பிறகு ஜன்னலருகே போய் உரக்கப் பேசினான், காது கேளாதவரிடம் பேசுவது போல.

"அம்மா, சாவி ஆன்லயே இருக்கணும், இல்லாட்டி ஸ்டீரிங் லாக் ஆயிடும். கியர் நியூட்ரல். நாலு இண்டிகேட்டரும் எரியணும். நான் பிரேக் அடிச்சா நீங்களும் அடிக்கணும். கயிறு தொங்கக் கூடாது. எஞ்சின் ஓடாததால பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், ஏறி மிதிங்க. மத்தபடி எதையும் தொடாதீங்க. எல்லாம் முன்னாடி நான் பாத்துக்குவேன்."

"சரி தம்பி" என்றாள் புஷ்பம்.

அய்யாதுரை தன் பையையும் போனையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, முன்வண்டியில் அசோகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர்வலம் கிளம்பியது.

முதல் தெருமுனையிலேயே கயிறு வேலையைக் காட்டியது. அசோகன் வேகம் குறைத்தால் கயிறு தொங்கியது. வேகம் கூட்டினால் விண்ணென்று இழுபட்டு இரண்டு வண்டியும் ஒருமுறை விக்கியது. இரண்டாவது திருப்பத்தில் கயிறு தொங்கியிருந்த நேரம், இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் புகுந்தது. கயிறு விறைத்தது. ஸ்கூட்டர்காரர் மார்பில் கயிற்றோடு அப்படியே நின்றார். நல்லவேளை, நடக்கிற வேகம்.

"என்ன ஓய் இது! நடுரோட்டுல கொடி கட்டி வேஷ்டி காயப்போடறேளா?"

"சாரி சார், வண்டி கட்டி இழுத்துக்கினு போறோம்."

"அதை எழுதி ஒட்டப்படாதோ? ஆத்துல காபிக்குப் பால் வாங்கிண்டு போறவனை இப்படியா மாலை போட்டு நிறுத்தறது!"

அவர் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, பால் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தபடி போனார்.

அசோகனுக்கு உடனே யோசனை வந்தது. கயிறு தெரிய வேண்டும். சீட்டுக்கு அடியில் வண்டி துடைக்க ஒரு பழைய சிவப்பு நைட்டி இருந்தது, வீட்டுக்காரியினுடையது. அதைக் கிழித்துக் கயிற்றில் ஐந்தாறு இடத்தில் முடிந்தான். ரோட்டோரம் ஒரு வேப்பமரம். பழுதான வண்டிக்குத் தழை ஒடித்துச் செருகுவது எந்த ஊரிலும் வழக்கம்தானே. நாலு கொத்து ஒடித்து, கயிற்றில் இரண்டும், பின்வண்டி முகப்பில் இரண்டுமாகச் செருகினான்.

"இப்ப சோக்கா கீது. கண்ணில்லாதவனுக்குக்கூட தெரியும்."

அது ஆடி மாதம் என்பதை அவன் யோசிக்கவில்லை.

மெயின்ரோட்டில் எங்கோ பள்ளம் தோண்டியிருந்ததால் மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்துக்குள் திருப்பிவிட்டார்கள். சந்து முனையில் சின்ன அம்மன் கோயில். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பை அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புத் துணியும் வேப்பிலையுமாக, மெதுவாக, நாலு விளக்கும் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு வண்டி வருவதைக் கூட்டம் பார்த்தது.

"அம்மா வந்துட்டா!" என்று ஒரு குரல் எழும்பியது.

மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண்மணி, தேவானை என்று எல்லோரும் அழைத்தார்கள், தட்டில் கற்பூரத்தோடு முன்வண்டியை மறித்தாள்.

"எந்த ஊரு அம்மன்பா?"

"அது வந்து, அம்மன் இல்லக்கா, இது..."

"கோவில்பட்டிக்குப் போவுது" என்றார் அய்யாதுரை. உள்ளதைத்தான் சொன்னார்.

"கோவில்பட்டி அம்மன்டீ!" என்று தேவானை திரும்பிக் கூவினாள். அதற்குப் பிறகு அசோகன் சொன்ன எதுவும் பம்பைச் சத்தத்தில் எடுபடவில்லை.

பின்வண்டியின் சக்கரத்தில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முகப்பில் மாலை போட்டார்கள். நைட்டித் துணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். சந்து லேசாகச் சரிந்திருந்தது. அந்தக் கல் பிரேக்கை விட்டுக் காலை எடுத்தால் வண்டி முன்னால் உருண்டு கூட்டத்தில் ஏறிவிடும் என்று புஷ்பம் இரண்டு காலாலும் ஏறி மிதித்துப் பல்லைக் கடித்து, கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

"பாரு பாரு, உள்ள கீற அம்மாவுக்கு அருள் வந்துகினு கீது!"

"தாயே, என் மருமவ எப்ப திரும்பி வருவா? ஒரு வார்த்த சொல்லு!"

புஷ்பம் பல்லிடுக்கில் சொன்னாள்: "முதல்ல வழிய வுடுங்க."

"வழி வுடணுமாம்! கேட்டியா? நான்தான்டி அவ வர்ற வழிய அடைச்சுக்கினு கீறேன்!" என்று அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

ஆளுக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் நல்லது. "மெயின்ரோடு வரைக்கும் நம்ம வடம் புடிக்கலாம்பா" என்று நாற்பது பேர் அந்த நைலான் கயிற்றைத் தேர்வடம் போலப் பிடித்துக்கொண்டார்கள். மூலைக்கு மூலை ஒருவன் இழுத்தான். அய்யாதுரை பரவசத்தில் இறங்கி அவரும் ஒரு கை பிடித்தார். மெயின்ரோடு வந்தபோது கயிறு நார் நாராக இருந்தது. நைட்டி முழுசும் பிரசாதமாகப் போயிருந்தது.

அடையாறு பாலம் ஏறும்போது அசோகன் தலையாட்டினான்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, இப்ப வண்டி எவ்ளோ லேசா போவுது! சாமி கும்புட்ட பலன்."

"ஆமாவே. இழுக்குதாப்புலயே தெரியலையே."

அடையாறு சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. புஷ்பம்.

"தம்பி, நான் பாலத்துல நிக்கேன். நீங்க எங்கன இருக்கிய?"

சுற்றிக்கொண்டு அவர்கள் திரும்பி வந்தபோது, பாலத்தின் மேல் பிக்கப்புக்குப் பின்னால் இரண்டு பஸ், ஒரு தண்ணீர் லாரி, பிறகு எண்ண முடியாத அளவுக்குக் கார்கள். போகிற ஊரைப் புஷ்பத்திடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு போக்குவரத்துக் காவலர் வியர்வையோடு நின்றார்.

"இன்னாய்யா இது? கயித்துல கட்டி இழுக்க மாட்டு வண்டியா? கோவில்பட்டி வரைக்குமா இப்படிப் போறே? நடுவுல எவனையாவது சாவடிச்சிடுவ. கம்பி அடிச்சு மாட்டு. இல்லாட்டி ரெண்டு வண்டியும் இங்கயே நிக்கும்."

மிச்சக் கயிற்றைக் குட்டையாகக் கட்டி, அடையாறு சந்து ஒன்றில் தமிழ்மாறன் என்பவரின் வெல்டிங் பட்டறை வரைக்கும் இழுத்துப் போனார்கள். தமிழ்மாறன் வாயில் பாக்கோடு இரண்டு வண்டியையும் சுற்றி வந்தார். இரண்டு இரும்புக் கம்பிகளை முக்கோணமாக ஒட்ட வைத்தார். முனை முன்வண்டிக்கு, இரண்டு கால் பின்வண்டிக்கு.

"வெல்டிங் வைக்கறதுக்கு முந்தி பேட்டரி வயரைக் கழட்டிடணும். இல்லாட்டி உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்கு எல்லாம் பூடும்" என்று பிக்கப்பின் பானெட்டைத் திறந்தார். வயர் முனையில் பச்சையாகப் பூத்திருந்ததைப் பார்த்து, "தோட்டம் மாதிரி வெச்சிருக்கீங்க, செடி வளருது" என்றார். வேலை முடிந்ததும் அதை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி, ஸ்பேனரால் இறுக்கினார்.

"பின் போட்டு மாட்டற மாதிரி செஞ்சியாபா?" என்று அசோகன் கேட்டான்.

"அந்த சைஸு பின் இல்ல. வளையத்துல கோத்து, வண்டி திரும்பற மாதிரி, வளையத்தோட வாய ஒட்டிட்டேன். கோவில்பட்டில அறுத்துக்கோ."

"ஒட்டிட்டியா? ரெண்டு வண்டியையுமா?"

"கெட்டியா நிக்கும் நைனா. பயப்படாத."

அசோகன் கம்பியைக் காலால் உதைத்துப் பார்த்தான். பாதியில் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியும் போயிற்று. கம்பிக்கு ஆயிரத்து எண்ணூறு. இழுக்கிற சாமான் இழுக்கிறவன் செலவு என்று அய்யாதுரை வானத்தைப் பார்த்தார். அசோகன் சட்டைப்பையைத் துழாவி, சீட்டுக்கு அடியில் துழாவி, கொடுத்தான். இப்போது திரும்பிப் போவதற்குக் காசும் இல்லை.

தரமணி தாண்டுவதற்குள் போன் மூன்று முறை அடித்தது. அசோகன் எடுக்கவில்லை.

"புஷ்பம்தான கூப்புடுதா? என்னன்னு கேளேன்" என்றார் அய்யாதுரை.

"வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது அண்ணாச்சி. ஸ்பீடு பிரேக்கருக்கு ஒரு போனு, பஸ்ஸு வந்தா ஒரு போனு. பயந்துக்கினு கீறாங்க. கம்பி மாட்டினப்புறம் இன்னா பயம்?"

"அதுஞ்சரிதான். பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா" என்றார் அய்யாதுரை. காலையிலிருந்து அவர்தான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

அசோகன் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பையில் போட்டான். பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. கையை வெளியே நீட்டி, 'எல்லாம் நான் பாத்துக்கறேன்' என்பதுபோல் அமர்த்தினான்.

அவன் கவலை வேறு. ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு இரண்டு நொடி யோசித்தது. வேளச்சேரி தாண்டியதும் உள்ளே ஒரு வாடை.

"என்னமோ கருகுதே?" என்று அய்யாதுரை மூக்கை உறிஞ்சினார்.

"பள்ளிக்கரணையில குப்பை எரியுது அண்ணாச்சி."

"பள்ளிக்கரணை இன்னும் வரலியேவே?"

"காத்து இந்தப் பக்கமா அடிக்குது."

பள்ளிக்கரணை வந்தது. போனது. வாடை போகவில்லை. "இப்ப?" என்றார் அய்யாதுரை.

"இப்ப காத்து திரும்பிட்சு."

எதிரே மேடவாக்கம் பாலம் எழும்பி நின்றது. தினமும் வீட்டுக்குப் போகிற வழி. இதுவரை அதை அசோகன் ஒரு மேடாகவே நினைத்ததில்லை. இன்றைக்கு அது அவனுடைய எட்டாவது மாடி மாதிரி இருந்தது. வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினான். நாற்பது, முப்பது. பாதிப் பாலத்தில் இருபது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தான். எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. பத்து. நடந்து போகிறவன் முந்துகிற வேகம். பின்னால் பஸ் ஹார்ன். வாடை கண்ணை எரித்தது.

முடிந்தது என்று நினைத்தான். இந்தப் பாலத்தோடு வண்டி முடிந்தது. நாளைக்குக் காலையில் மார்க்கெட் வாசலில் சும்மாடு கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இருபது வயசுப் பையன்களோடு போட்டி போட்டு மூட்டைக்கு ஓட வேண்டும்.

"தாயே" என்றான் வாய்விட்டு. "மந்தைவெளி தாயே. கூழு குடிச்சேனே."

பின்னால் 'டக்' என்று மெல்லிய ஒரு சத்தம். முதுகில் யாரோ கை வைத்தது போல வண்டி ஒரு அசைவு அசைந்தது. பத்து, பதினைந்து, இருபது. பாலம் தானாக இறங்கி வருவது போல வண்டி ஏறியது. உச்சியில் நாற்பது!

அசோகன் சட்டென்று கண்ணாடியில் பார்த்தான். அடையாறு அனுபவம் இருந்தது. இல்லை, இந்தத் தடவை பின்வண்டி இருந்தது. கம்பியும் இருந்தது. புஷ்பம் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து, நெற்றியில் குங்குமமும் வண்டி முகப்பில் மாலையுமாக நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி!" அசோகன் ஸ்டீரிங்கைத் தட்டினான். "பாத்தீங்களா! யானைன்னு சொன்னேன்ல!"

"நான் பயந்துட்டேன்வே."

"மொதல்ல தம் புடிக்கும். அப்புறம்தான் அதோட வேலைய காட்டும். கிளட்சு சூடானா தானா கவ்விக்கும். பழைய இரும்பு அண்ணாச்சி, இப்ப வர்ற தகரம் இல்ல."

தாம்பரம் வரைக்கும் அவன் பேசிக்கொண்டே வந்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி யோசிக்காமல் கிளம்பியது. எஞ்சின் சும்மா சுழல்வது போல லேசாக இருந்தது. அதை அவன் சந்தேகப்படவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் போன ஒருவன் பக்கத்தில் வந்து, பின்வண்டியையும் முன்வண்டியையும் மாறி மாறிக் காட்டி, ஏதோ கத்திச் சிரித்துவிட்டுப் போனான்.

"ஊரே பாராட்டுது" என்றான் அசோகன். துணிச்சல் ஏறிவிட்டது. "அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. முப்பது ரூபா கட்டாது."

"பேசினது பேச்சுல்லா?"

"அது கயித்துக்குப் பேசினது. இப்ப கம்பி. பாலம் ஏத்தினத நீங்களே பாத்தீங்க. இந்த இழுவைக்கு நாப்பது குடுக்கலாம். மனசாட்சிப்படி சொல்லுங்க."

அய்யாதுரை பாலத்தின் பாதியை நினைத்துப் பார்த்தார். இந்த ஆள் கோபித்துக்கொண்டு நடுரோட்டில் நிறுத்திவிட்டால் அறுப்பதற்குக்கூட வழியில்லை.

"சரி, நாப்பதுன்னே வச்சுக்கோ."

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் ஓரம் கட்டினார்கள். மணி ஒன்று. அசோகன் இரண்டு முறை சாம்பாரும் ஒரு முறை வத்தக்குழம்பும் வாங்கினான். பசி மட்டுமில்லை, வெற்றியும் சேர்ந்து சாப்பிட்டது. எதிரே புஷ்பம் உட்கார்ந்து அமைதியாகப் பிசைந்துகொண்டிருந்தாள். கழுத்தில் வியர்வை, வலது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்னு அப்பயிருந்து..."

"பிரேக்குதானம்மா? பழகிடும். நீங்க பரவால்ல, நல்லாவே புடிக்கிறீங்க. பின்வண்டி ஒண்ணும் பெரிய வேலை இல்ல, முன்வண்டி போற எடத்துக்குப் போவணும், அவ்ளோதான். முன்னாடி ஓட்டறவனுக்குத்தான் உசுரு போவும்."

புஷ்பம் அப்பளத்தை நொறுக்கினாள்.

"கிலோமீட்டருக்கு நாப்பது ஆக்கிட்டியளாமே. இவுக சொன்னாக."

"ஆமாம்மா. வண்டிய நகத்திக்கினு போறவனுக்கு அது நாயம்தான?"

"நாயந்தான்" என்றாள் புஷ்பம். மோர் வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அசோகன் முதல் ஆளாக ஏறினான். அய்யாதுரை பக்கத்தில் ஏறினார். புஷ்பம் இன்னும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து ரோட்டோரம் வைக்கலாம் என்று அசோகன் சாவியைத் திருகினான். முதல் கியர். கிளட்சை விட்டான்.

எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

இரண்டாவது கியர். நகரவில்லை. ரிவர்ஸ் போட்டான். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தான். சாப்பாட்டுக் கடை மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். அடியிலிருந்து ஒரு வெள்ளைப் புகை சோம்பலாக எழுந்து, ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

அசோகனுக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருடம் ஓட்டியவன். உள்ளே பிளேட் இல்லை, சாம்பல்தான் இருக்கிறது. சமதரையில், ஒரு சாண்கூடப் போகாத வண்டி. கை தானாகச் சாவியை அணைத்தது.

"என்னவே?" அய்யாதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. "இம்புட்டு நேரம் யானை மாதிரி இழுத்துச்சே! திடீர்னு எப்படிப் போவும்? ஒரு வாய் சோறு திங்கறதுக்குள்ள?"

அசோகன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

புஷ்பம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்வண்டி ஜன்னலுக்கு வந்து நின்றாள். காலையில் அவன் அவளிடம் பேசியது போலவே, காது கேளாதவரிடம் பேசுவது போல, உரக்க, நிதானமாகச் சொன்னாள்:

"பேட்டரி வயரைத் தேய்ச்சு மாட்டினதுல எங்க வண்டி வெல்டிங் பட்டறைய விட்டதுமே ஸ்டார்ட் ஆயிட்டு தம்பி, உங்க வண்டி மேடவாக்கம் பாலத்துலயே செத்துட்டு, அங்கன இருந்து ரெண்டையும் நான்தான் தள்ளிட்டு வாரேன், முப்பத்தோரு கிலோமீட்டரு, நீங்க பேசின நாப்பதுன்னு வச்சா இதுவரைக்கும் ஆயிரத்து இருநூத்தி நாப்பது ரூபா நீங்க எனக்குப் பாக்கி."